சமாளித்துக்கொள்கிற ஊர்

எங்கள் ஊர் பெல்ட்டோவில் யாரையாவது பார்த்து "எப்படி இருக்கே?" என்று கேட்டால் "பரவாயில்ல" என்பார்கள். காலில் மாவுக்கட்டு போட்டிருந்தாலும் அதுதான் பதில், லாட்டரியில் பரிசு விழுந்திருந்தாலும் அதுதான் பதில். "உதவி ஏதாச்சும் வேணுமா?" என்று கேட்டால் "சமாளிச்சுக்கலாம்" என்பார்கள். இந்த இரண்டு வார்த்தைகளை வைத்துக்கொண்டே மிச்சிகன் மாநிலத்தின் வடகோடியில், ஏரிக்கரையில், ஆறு மாதப் பனிக்குள் நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் குடித்தனம் நடத்தி வருகிறோம். இங்கே தன் பெருமை பேசுகிறவனுக்கு யாரும் இரண்டாவது தடவை காபி ஊற்ற மாட்டார்கள். அழுது புலம்புகிறவனுக்கும் அதே மரியாதைதான்.

என் பெயர் ஹெல்வி ராவ்டியோ. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று ஊரில் சொல்வார்கள். இல்லை என்று நான் சொல்லப் போவதில்லை. செப்புச் சுரங்கத்தின் பட்டறையில் வெல்டராக வேலை பார்த்தேன், சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அதற்கு முன்பே என் புருஷன் ரெய்னோவின் முதுகைச் சுரங்கம் பதம் பார்த்துவிட்டது. குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் பனி கொட்டினால் அந்த மனுஷனுக்கு வீட்டுக்குள் இருப்புக் கொள்ளாது. பக்கத்து வீட்டுப் பையன்கள் வந்து எங்கள் வாசல் பனியைத் தள்ளிக் கொடுத்துவிட்டுப் போகும்போது, ஜன்னலோரம் நின்று பார்ப்பான். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியாது.

இங்கே எல்லா வீட்டிலும் பனி தள்ள ஒரு ஸ்கூப் இருக்கும். கைப்பிடி வைத்த பெரிய தகர முறம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தள்ளிக்கொண்டு போவது சுலபம், நிறைந்ததைக் கவிழ்க்கும்போதுதான் முதுகு முறியும். காலால் ஒரு மிதி மிதித்தால் தானே கவிழ்கிற மாதிரி ஒன்றை நான் யோசித்துச் செய்தேன். கார் நிறுத்தும் கொட்டிலில் வைத்துப் பற்றவைத்த முதல் ஸ்கூப் ஒரு வாரத்தில் உடைந்தது. இரண்டாவதும் உடைந்தது. அந்தத் தகட்டை மயிரிழை பிசகாமல் வெட்டி வளைக்க என்னிடம் எந்திரம் இல்லை, வாங்க வழியும் இல்லை.

அந்த நேரத்தில்தான் மாநில அரசு, துருப்பிடித்துக் கிடந்த சுரங்கத்து எஞ்சின் கொட்டகையை எடுத்துப் புதுக்கூரை போட்டது. தகடு வெட்டுகிற லேசர் எந்திரம், வளைக்கிற எந்திரம், பெரிய சமையற்கூடம், உறைய வைக்கும் அறை எல்லாம் வந்து இறங்கின. 'வடகரைத் தொழில் மையம்' என்று பலகை மாட்டினார்கள். நாங்கள் கொட்டகை என்றுதான் சொல்கிறோம். தலையில் யோசனை இருக்கிறவர்கள் யாரும் உள்ளே போகலாம். தொழில் காலூன்றுகிற வரைக்கும் பேருக்கு ஒரு வாடகை. நடத்துகிறவள் கார்லா பிசெட். தெற்கிலிருந்து வந்தவள், எங்கள் ஊருக்குக் கொஞ்சம் வாய் அதிகம். ஆனால் கம்ப்யூட்டரில் வரைபடம் போட என்னைப் பழக்கியவள் அவள்தான், என் ஸ்கூப்பை விற்கக் கடை கடையாகப் போன் போட்டவளும் அவள்தான்.

மூன்றாவது ஸ்கூப் உடையவில்லை. இன்றைக்கு என்னிடம் ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். ரெய்னோ தன் வாசல் பனியைத் தானே தள்ளுகிறான்.

சமையற்கூடத்தில் இருப்பவன் ஆர்வில் நான்கெர்விஸ். அந்தக் காலத்தில் சுரங்கக்காரர்கள் குழிக்குள் எடுத்துப்போய்த் தின்ற பாஸ்டிதான் அவன் தொழில். மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் வைத்து மடித்துச் சுட்டு, உறைய வைத்து, நாலு மாநிலத்துக் கடைகளுக்கு அனுப்புகிறான். எனக்கும் அவனுக்கும் தினமும் ஒரு சண்டை வேண்டும். பாஸ்டிக்கு கெட்சப் தொட்டுக்கொள்ள வேண்டும் என்பான் அவன், குழம்புதான் ஊற்ற வேண்டும் என்பேன் நான்; அதில் ஆரம்பித்து எதில் வேண்டுமானாலும் போய் முடியும்.

மையத்துக்கு மாநிலம் பணம் கொடுக்கிற காலம் இந்த வசந்தத்தோடு முடிவதாக இருந்தது. மாநிலத்தில் இப்படிப் பல மையங்கள், எல்லாவற்றையும் தொடர்ந்து தாங்க முடியாது, நேரில் பார்த்து முடிவு செய்வோம் என்று தலைநகர் லான்சிங்கிலிருந்து தகவல் வந்தது. விஸ்கான்சினில் ஒரு கம்பெனி என் ஸ்கூப்பின் உரிமையைக் கேட்டுக்கொண்டே இருந்தது. கொட்டகை போனால் கொடுத்துவிடுவதைத் தவிர எனக்கு வேறு வழி கிடையாது. அவர்கள் அங்கேயே செய்துகொள்வார்கள். என் ஒன்பது பேரும் நடுத்தெருவில்தான்.

"ஒண்ணும் பெருசா செய்ய வேண்டாம்," என்றாள் கார்லா. "வர்றவங்க பார்க்கணும், அவ்வளவுதான். நீங்க தினம் எப்படி இருப்பீங்களோ அப்படியே இருங்க."

விருந்தாளி வரும்போது தினம் இருப்பது போலவே இருக்க எங்களுக்குத் தெரியுமா? முந்தின நாள் எல்லோருமாகச் சேர்ந்து கொட்டகையைத் தேய்த்துக் கழுவினோம். தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம், அப்படி ஒரு சுத்தம். முடித்து அடுக்கியிருந்த ஸ்கூப்புகள் பார்வைக்கு அசிங்கமாக இருந்தன என்று லாரியில் ஏற்றி எங்கள் வீட்டுக் கொட்டிலில் கொண்டுபோய் ஒளித்தேன். ஆர்வில் மாவு வாசமே இல்லாமல் துடைத்துவிட்டு, வருகிறவர்கள் காலில் இடறுவார்கள் என்று தன் ஆட்களுக்கு லீவு கொடுத்துவிட்டான். அதிகாரிகளின் கார் வாசலில் நின்றதும் நான் எந்திரங்களை நிறுத்தச் சொன்னேன். வீட்டுக்கு ஆள் வந்திருக்கும்போது கடகடவென்று சத்தம் போட்டால் நன்றாகவா இருக்கும்? ஏலக்காய் ரொட்டியும் காபியும் தயாராக இருந்தன. கார்லா மட்டும் வாசற்படியிலேயே நின்று உள்ளே பார்த்தாள். அவள் முகம் போன போக்கு எனக்கு அப்போது புரியவில்லை.

மூன்று பேர் வந்தார்கள். பெரியவர் ஜெனீவா ஸ்ட்ரிக்லண்ட் என்ற அம்மாள். உயரமானவர், அதிகம் சிரிக்காதவர், ஆனால் கண் ஒவ்வொன்றையும் கவனிக்கிறது என்று பார்த்ததுமே தெரிந்தது. லேசர் எந்திரத்தின் பக்கத்தில் வந்து நின்றார்.

"இது எவ்வளவு நேரம் ஓடும்?"

"ஓடும்... அப்பப்ப," என்றேன். விடியற்காலையில் ஆரம்பித்தால் இருட்டும் வரை அதற்கு ஓய்வே கிடையாது.

"உங்க வியாபாரம் எப்படிப் போகுது?"

"பரவாயில்ல."

ஆர்வில் பக்கம் திரும்பினார். "உங்களுது?"

"நாலு பேர் வாங்கித் திங்கறாங்க," என்றான் ஆர்வில், தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு.

"இந்த மையம் உங்களுக்கு உதவியா இருந்துச்சா?"

நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "தொந்தரவு ஒண்ணும் இல்லீங்க," என்றேன் நான். இதைவிடப் பெரிய பாராட்டை என் வாழ்நாளில் நான் யாருக்கும் கொடுத்ததில்லை. அந்த அம்மாள் தலையை ஆட்டினார். நாலு வாய் காபி குடித்துவிட்டு, "இடம் ரொம்பச் சுத்தமா இருக்கு," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள்.

"பார்த்தியா கார்லா? சுத்தமா இருக்காம்!" என்றேன் பூரிப்போடு.

கார்லா என்னைப் பிடித்துக்கொண்டாள். "அது பாராட்டு இல்ல ஹெல்வி! யாருமே உபயோகிக்கலைன்னு அர்த்தம்! ராத்திரி பகலா வேலை நடக்குதுன்னு நான் எழுதி அனுப்பியிருக்கேன். அவங்க நான் எழுதினதை நம்புவாங்களா, ஆள் இல்லாம எந்திரம் ஓடாம கிடக்கிற இந்த இடத்தை நம்புவாங்களா? உனக்கு வாயில என்ன கொழுக்கட்டையா? உன் ஸ்கூப்பெல்லாம் எங்க?"

"எங்க வீட்டுக் கொட்டில்ல."

"கொட்டில்ல!" என்றாள். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். பாவமாக இருந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. கொட்டகைக்கு நாங்களே கருமாதி செய்து, காபியும் ஊற்றி அனுப்பிவிட்டோம்.

"சாயங்காலம் ஆறு மணிக்கு சர்ச் அடித்தளக் கூடத்துல பொதுக்கூட்டம்," என்றாள் கார்லா, குரல் இறங்கி. "அதுதான் கடைசி. தயவு செஞ்சு யாராச்சும் ஒருத்தர் எழுந்து உண்மையைச் சொல்லுங்க."

மத்தியானம் வீட்டில் மீன் சூப் வைத்தேன். ரெய்னோவிடம் நடந்ததையெல்லாம் கொட்டினேன்.

"சொல்லியிருக்கலாம்தான்," என்றான்.

"என்னன்னு சொல்றது? நான் பெரிய கெட்டிக்காரி, நாலு மாநிலத்துல என் சரக்குதான்னு மார்தட்டவா?"

"அப்படிச் சொல்ல வேண்டாம்."

"அப்ப நீ வந்து சொல்லு."

"எனக்குக் கூட்டத்துல என்ன பேசத் தெரியும்?" என்று சொல்லிவிட்டு இரண்டாவது கிண்ணம் சூப் போட்டுக்கொண்டான். கல்லில் நார் உரித்துவிடலாம், இவனிடம் ஒரு வார்த்தை வாங்க முடியாது.

சாயங்காலம் அடித்தளத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். எல்லோரும் வந்திருந்தார்கள், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஜெனீவா அம்மாள் முன்னால் நின்று, மையத்தால் நடந்ததைச் சொல்லுங்கள் என்று கேட்டார். மறுபடி கேட்டார். ஆர்வில் எழுந்தான். எனக்கு உயிர் வந்தது.

"காபி பின்னாடி இருக்கு," என்றான். "எல்லாரும் எடுத்துக்குங்க." உட்கார்ந்துவிட்டான்.

ஜெனீவா அம்மாள் விடவில்லை. "நில்லுங்க சார். உங்ககிட்ட எத்தனை பேர் வேலை செய்யறாங்க?"

ஆர்வில் மென்று விழுங்கினான். "ஒண்ணு ரெண்டு பேரு."

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ ஆத்திரம். என்னைப் பற்றிப் பேசத்தான் எனக்கு வாய் வராது, அவனைத் திட்டுவதற்கு என்ன தடை?

"பொய்!" என்று எழுந்தேன். "அண்டப்புளுகு! அவன்கிட்ட பதினாலு பேர் இருக்காங்க. சிகாகோ வரைக்கும் பாஸ்டி போகுது. போன மாசம் புதுசா ஒரு அடுப்பு வாங்கிட்டு யார்கிட்டயும் சொல்லாம பின்வாசல் வழியா இறக்கினான். நான் பார்த்தேன்!"

"ஏ, உன் வேலையைப் பாரு ஹெல்வி!" ஆர்வில் காது சிவந்துவிட்டது. "என் வண்டவாளத்தை நீ தண்டவாளம் ஏத்தறியா? உன்னுது தெரியாதா எனக்கு? மேடம், இவ ஸ்கூப்புக்குக் கனடாவிலேர்ந்து ஆள் வந்தான். இவ கொட்டில்ல இப்ப போய்ப் பாருங்க, கூரை வரைக்கும் அடுக்கி வெச்சிருக்கா. நீங்க வர்றீங்கன்னு ஒளிச்சு வெச்சா, திருடி மாதிரி!"

"யாரைடா திருடிங்கறே?"

"உன்னைத்தான்!"

"அப்ப இங்க உக்காந்திருக்கிற ஆர்விட் பையன்?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கிளம்பியது. "ஏரி ஐஸ் எவ்வளவு கெட்டியா இருக்குன்னு சொல்ற கருவி பண்ணினானே, மீன் பிடிக்கப் போற எல்லார் கையிலயும் இப்ப அதுதான் இருக்கு. அவன் அம்மாகிட்டகூடச் சொல்லல!" ஆர்விட் உடனே அவள் மருந்துச்செடி எண்ணெய் விற்றுச் சம்பாதிப்பதைப் போட்டுக் கொடுத்தான். அவள் தன் மைத்துனனைப் போட்டுக் கொடுத்தாள். சர்ச் அடித்தளம் சந்தைக்கடையாகிவிட்டது. ஆளுக்கு ஆள் விரல் நீட்டி, அடுத்தவன் எவ்வளவு முன்னேறிவிட்டான் என்று திட்டிக்கொண்டிருந்தார்கள். கூட வந்த அதிகாரிகள் இரண்டு பேருக்கும் எழுதி மாளவில்லை. ஜெனீவா அம்மாள் முதல் தடவையாகச் சிரித்தார். கார்லா ஒரு தூணில் சாய்ந்து சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சத்தம் அடங்கியதும் ஜெனீவா அம்மாளின் முகம் மறுபடி இறுகியது.

"சந்தோஷம். இங்க நல்லா நடக்குதுன்னு தெரியுது. ஆனா நான் கேட்கவேண்டிய கேள்வி வேற. நீங்க நல்லா இருக்கீங்கன்னா, எங்க உதவி இனிமே இன்னொரு ஊருக்குப் போகலாம் இல்லையா? நாங்க நிறுத்திட்டா என்ன ஆகும்?"

ஆர்வில் கையைப் பிசைந்தான். பிறகு, இந்த ஊரில் பிறந்தவன் சொல்லக்கூடியதைச் சொன்னான்.

"சமாளிச்சுக்குவோம்."

கூட்டம் முழுக்கத் தலையாட்டியது. அதில் நடிப்பு இல்லை. அப்படித்தான் எங்களை வளர்த்திருக்கிறார்கள். ஜெனீவா அம்மாள் அதையும் எழுதப் போனார். அவர் பேனா காகிதத்தில் படுவதை நான் பார்த்தேன். என் ஒன்பது பேரும் வரிசையாகச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்! அடப் பாவிகளா என்று இருந்தது எனக்கு.

"முடியாது," என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"சமாளிக்க முடியாது. என்னால முடியாது. அந்த எந்திரத்தை நான் ஏழு ஜென்மம் எடுத்தாலும் வாங்க முடியாது. எங்க பிள்ளைங்க பள்ளிக்கூடம் முடிச்சதும் தெற்கே வண்டி ஏறிப் போயிடுவாங்க, கிறிஸ்துமஸுக்கு வருவாங்க, அவ்வளவுதான் நாங்க அவங்களைப் பார்க்கறது. அதுல ஆறு பேர் திரும்பி வந்து என்கிட்ட வேலை செய்யறாங்க. அதோ நிக்கறாங்க. ரெண்டு பேர் வீடு வாங்கியிருக்காங்க. ஒருத்திக்கு அடுத்த மாசம் குழந்தை பொறக்கப் போகுது. கொட்டகையை மூடினா எல்லாரும் போயிடுவாங்க. இன்னும் கொஞ்ச காலம் எங்களைத் தாங்குங்க. உதவி வேணும். கேட்கறேன்."

உட்கார்ந்துவிட்டேன். முகம் தீயாக எரிந்தது. ஊர்க்கூட்டத்தில் கையேந்திவிட்டேன். நாளைக்குக் கடையில் என் முகத்தை எப்படிக் காட்டுவேன் என்று தெரியவில்லை. ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை, எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

எனக்குப் பக்கத்தில் நாற்காலி கிரீச்சிட்டது. ரெய்னோ எழுந்துகொண்டிருந்தான். முதுகு காரணமாக அவன் எழுவதற்கு நேரமாகும். முன் நாற்காலியைப் பிடித்து, ஒரு காலை ஊன்றி, பிறகு அடுத்ததை ஊன்றி நிமிர வேண்டும். மொத்தக் கூட்டமும் காத்திருந்தது. எங்கள் கல்யாணத்தில்கூட அவன் நாலு பேர் முன்னால் பேசியதில்லை.

"முப்பத்தஞ்சு வருஷமா இவகூடக் குடித்தனம் பண்றேன்," என்றான். "முடியாதுங்கற வார்த்தையை இவ வாயால நான் கேட்டதே இல்ல. சுரங்கம் மூடினப்பவும் சொல்லல. நான் ஆஸ்பத்திரியில படுத்துக் கிடந்தப்பவும் சொல்லல." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "இவளால முடியாதுன்னா, இங்க யாராலயும் முடியாது. அதை எழுதிக்குங்க."

எனக்கு அழுகை வந்தது. அடக்கப் பார்த்தேன், அடங்கவில்லை. இந்த மனுஷன் என்னைப் பற்றி இப்படி நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாமல் போய்விட்டதே!

ஆர்வில் தொப்பியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு எழுந்தான். "நான் இப்ப சொன்னது பொய் மேடம். எங்களாலயும் முடியாது." அதன் பிறகு ஐஸ் கருவிக்கார ஆர்விட் எழுந்தான். சுவரோரம் நின்றவர்கள் கையைத் தூக்கினார்கள். "எங்களாலயும்" "எங்களாலயும்" என்று ஒவ்வொரு மூலையிலிருந்தும் கேட்டது. ஒருவரும் குரலை உயர்த்தவில்லை. ஜெனீவா அம்மாள் எழுதுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

மார்ச் மாதம் முடிவு வந்தது. இன்னும் நாலு வருஷத்துக்கு மையம் நடக்கும், அதோடு புதிதாக இன்னொரு வளைக்கும் எந்திரமும் வரும் என்றார்கள். கார்லா கொட்டகைக்குள் ஓடிவந்து கத்தியே சொன்னாள். ஆட்கள் ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டார்கள், எங்கள் ஊருக்கு அதுவே பெரிய ஆர்ப்பாட்டம். ஆர்வில் ஒரு தட்டு நிறையச் சூடாகப் பாஸ்டி கொண்டுவந்து என் பெஞ்சில் வைத்தான். கெட்சப்போடு வைத்தான். அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டேன்.

நன்றி சொல்ல ஜெனீவா அம்மாளுக்குப் போன் செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை. மத்தியானம் வரைக்கும் போனைச் சுற்றிச் சுற்றி வந்தேன். நன்றி என்றால் எங்களுக்கு ஒரு கூச்சம், கடன்பட்டவள் மாதிரி. ஆனால் பட்டிருக்கிறோம்தானே? எங்கள் முகத்தைக்கூடப் பார்த்திராத யார் யாரோ கட்டிய வரியில்தான் எனக்குக் கூரை போட்டார்கள். என் பிள்ளைகள் மாதிரி ஒன்பது பேரை ஊரில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதைச் சொல்லாமல் செத்துப் போனால் நான் என்ன மனுஷி? போனை எடுத்தேன்.

மறுமுனையில் குரல் வந்ததும் மூச்சு விடாமல் கொட்டினேன். "ரொம்ப நன்றிங்க. எங்களை நம்பினதுக்கு நன்றி. நாங்க அதிகம் பேசறவங்க இல்ல, சொல்லலைன்னா நினைக்கலைன்னு அர்த்தம் இல்ல. ரொம்ப ரொம்ப நன்றி."

"யார் பேசறது?" என்றார் ஜெனீவா அம்மாள்.

"முடியாதுன்னு சொன்னவ."

"ஹெல்வி!" என்றார். அவர் சிரித்தது கேட்டது. "அறிக்கையில நான் முதல் வரியா எதை எழுதினேன் தெரியுமா? உங்க வீட்டுக்காரர் சொன்னதைத்தான். அவர்கிட்ட சொல்லிடுங்க."

வீட்டுக்குப் போனேன். காலையிலிருந்து மறுபடி கொட்டியிருந்தது. ரெய்னோ வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன். ஸ்கூப்பைக் காலால் மிதித்துக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"அந்தம்மாவுக்கு ஒரு ஸ்கூப் அனுப்பு. லான்சிங்லயும் பனி பெய்யுமில்ல?"

"அரசாங்கத்து ஆளுங்க, பரிசுப் பொருள் வாங்கக் கூடாதாம்ப்பா."

மூக்கைத் துடைத்துக்கொண்டான். யோசித்தான்.

"அப்ப நேர்ல போய் அவங்க வாசல் பனியைத் தள்ளிக் குடுத்துட்டு வரலாம்," என்றான்.

போக மட்டும் பத்து மணி நேரம் ஆகும் என்றேன். அவன் அதற்குள் ஸ்கூப்பை லாரியில் ஏற்றிக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தான்.